செந்நிலத்தில் மூன்று தலைமுறை: கூடாரம், கேரவன், மோட்டார் ஹோம், கேபின் – எது யாருக்கு?

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அவுட்பேக் எனப்படும் உள்நாட்டுச் செம்மண் வறள்நிலப் பயணத்தின் நினைவு வருகிறது. ஜூலைப் பள்ளி விடுமுறையில் உலுரு என்ற பெருஞ்செம்பாறையைப் பார்த்துவிடலாம், பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் ஒரே கூரையின்கீழ் சில நாள் இருக்கட்டும் என்று முடிவெடுப்பதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. எதில் போவது, எங்கே படுப்பது என்று கேட்கும்போதுதான் பேச்சு முட்டி நின்றுவிடுகிறது. வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கின்றன.

பொதுவாகப் பேசினால் விடை கிடைக்காது என்பதால் ஒரு குடும்பத்தையும் ஒரு பாதையையும் எடுத்துக்கொள்வோம். எழுபதை ஒட்டிய தாத்தா பாட்டி, கணவன் மனைவி, பத்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து தெற்கே ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில் எர்ல்டண்டாவரை சுமார் 200 கி.மீ., அங்கிருந்து மேற்கே லாசெட்டர் நெடுஞ்சாலையில் உலுருவை அடுத்த யூலாராவரை ஏறத்தாழ 250 கி.மீ., பிறகு கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்கு 300 கி.மீ., அங்கிருந்து தார்ச்சாலை வழியாகவே ஆலிஸுக்குத் திரும்ப 475 கி.மீ. உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்தால் ஒரு வாரத்தில் 1,500 கி.மீ. ஓடிவிடும்.

## எதை வைத்து அளப்பது?

முதலில் இரவு. பகல் முழுவதும் காட்சிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். இரவுதான் ஆளுக்கு ஆள் மாறும். குளிர்காலமான ஜூலையில் இப்பகுதியின் சராசரி இரவு வெப்பநிலை 4 பாகை அளவில் இருக்கும்; சுழியத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. அந்தக் குளிரில் பாட்டி இரவு இரண்டு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எத்தனை முறை குனிய வேண்டும், எத்தனை படி இறங்க வேண்டும், எவ்வளவு தூரம் டார்ச் வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையே பாதி முடிவைச் சொல்லிவிடும் என்பது என் கருத்து. மற்ற அளவுகோல்களையெல்லாம் இதற்கு அடுத்த வரிசையில்தான் வைப்பேன்.

இரண்டாவது, இருக்கை. ஆஸ்திரேலியாவில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் பயணிக்க வேண்டும். அந்த இருக்கையின் மேல்வாரை மாட்டும் கொக்கி பல ஏழு இருக்கை வண்டிகளின் மூன்றாவது வரிசையில் இருப்பதில்லை. ஆகவே பிள்ளைகள் நடுவரிசையில் அமர, முழங்கால் வலியுள்ள தாத்தா இருக்கையை மடக்கி, உடம்பை வளைத்துப் பின்வரிசைக்கு ஏற வேண்டியதாகிறது. வண்டி பார்க்கப் போகும்போது பெரியவர்களையும் அழைத்துச் சென்று ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பதே சரியான சோதனை.

மூன்றாவது, மருத்துவம். யூலாராவில் சிறு மருத்துவ நிலையம் உண்டு. முழு மருத்துவமனைக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத்தான் வர வேண்டும். வருகையாளர் விசாவில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த பெற்றோருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆம்புலன்ஸ் செலவை மெடிகேர் உள்ளவர்களுக்கே அது ஏற்பதில்லை. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லி எடுத்த பயணக் காப்பீடு, எந்த வழியைத் தேர்ந்தாலும் செலவுக் கணக்கின் முதல் வரியாக இருக்கட்டும். இன்சுலினைக் குளிரில் வைக்க ஃபிரிட்ஜ், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கான சிபாப் கருவி ஆகியவற்றுக்கு மின்சாரம் வேண்டும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சாலையும் வாடகை ஒப்பந்தமும். ஐந்தாவது, வேலை யார் தலையில் விழுகிறது என்பது. ஆறாவதுதான் பணம், அதிலும் விளம்பரத்தில் காணாத பணம்.

## கூடாரம்

பிள்ளைகளிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். நிற்கும் உயரமுள்ள இரண்டு கூடாரங்கள், ஒன்றில் பெரியவர்கள், மற்றதில் மற்றவர்கள் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அமைப்பு. ஆறு பேருக்கான ஒரே பெரிய கூடாரம் மலிவாகத் தோன்றும். ஆனால் ஒருவரின் குறட்டையும் இன்னொருவரின் கைப்பேசி வெளிச்சமும் ஆறு பேரையும் எழுப்பிவிடும்.

பெரியவர்களைத் தரையோடு படுக்கவைக்கக் கூடாது. நாற்காலி உயரத்துக்கு நிற்கும் மடிப்புக் கட்டில் இருந்தால் எழுந்திருப்பது எளிது. காற்றடைத்த மெத்தையைப் பலர் சொகுசு என்று எண்ணி வாங்குகிறார்கள். குளிர் இரவில் அதனுள் இருக்கும் காற்று சில்லிட்டு, கீழிருந்து முதுகை உறையவைக்கும். போர்வையை மேலே அடுக்குவதைவிட, மெத்தைக்கும் உடம்புக்கும் இடையே தடித்த நுரைப்பாயோ கம்பளியோ விரிப்பதே பலன் தரும். குளிருக்காகக் கேஸ் அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ கூடாரத்துக்குள் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கேரவன் பார்க்கில் மின்வசதியுள்ள முகாமிடம் எடுத்தால் இன்சுலின் ஃபிரிட்ஜுக்கும் சிபாப் கருவிக்கும் வழி பிறந்துவிடும்.

மறைந்த செலவு வண்டியில் இருக்கிறது. ஆறு பேர் அமர்ந்த பிறகு இரண்டு கூடாரம், கட்டில்கள், கம்பளிகள், அடுப்பு, தண்ணீர்க் கேன்கள் ஆகியவற்றுக்கு இடம் எங்கே? மூன்றாவது வரிசைக்குப் பின்னாலும் ஆழமான பொருள்வைப்பிடம் உள்ள கியா கார்னிவல் போன்ற வண்டி இந்தத் தார்ச்சாலைச் சுற்றுக்குப் போதும். பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் அதன் கதவு முதியவர்களுக்கும் ஏற்றது. மெரீனி லூப் எனப்படும் மண்சாலையில் ஓட்டி ஆலிஸுக்கான தூரத்தைக் குறைக்கவோ, பாம் வேலி (Palm Valley) என்ற பள்ளத்தாக்குக்குள் போகவோ விரும்பினால்தான் நான்கு சக்கர இயக்க வண்டி தேவைப்படும். வரிவரியாக மேடு விழுந்த மண்சாலையில் மணிக்கணக்கில் குலுங்குவதைத் தேய்ந்த முதுகெலும்புள்ள ஒருவருக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்று: ஆலிஸிலும் யூலாராவிலும் கார் வாடகைக்கு எடுத்தால் நாளொன்றுக்கு 100 கி.மீ. மட்டுமே கட்டணத்துக்குள் அடங்கும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. ஏழு நாளுக்கு 700 கி.மீ. போக, மீதி 800 கி.மீ.க்கும் தனிக் கட்டணம். இணையத்தில் முதலில் கண்ணில் படும் நாள் வாடகையில் இது தெரியாது.

அப்பா, அம்மா இருவருமே கூடாரம் அடித்துப் பழகியவர்களாகவும், பெரியவர்கள் நடந்து திரியும் திடத்தோடும் இருந்தால் கூடாரமே சிறந்தது. இரவுக் கழிப்பறைக் கணக்கில் இது கடைசி இடத்தில் நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் போவதாக இருந்தால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். பகல் சராசரியே 36 பாகையைத் தாண்டும் மாதங்கள் அவை.

## கேரவன்

கேரவன் என்பது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி. அதன் பெரிய பலம், அதை முகாமிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரை மட்டும் எடுத்துப் போகலாம் என்பது. யூலாராவிலிருந்து உலுருவின் அடிவாரம் சுமார் 20 கி.மீ., கட்டா ஜூட்டா என்ற பாறைக்குன்றுகள் சுமார் 50 கி.மீ. தொலைவு. விடியலுக்கு ஒருமுறை, அந்திக்கு ஒருமுறை என்று அலைய வேண்டிய ஊரில் இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு பெரிது. தாத்தா தூங்கட்டும், நாம் போய்வருவோம் என்று சொல்ல முடியும்.

ஆனால் ஓடும் கேரவனுக்குள் யாரும் அமர்ந்து செல்லச் சட்டம் இடம் தராது. ஆகவே ஆறு பேருக்கான காரும் வேண்டும், அது இழுக்கும் வலுவுள்ளதாகவும் இருக்க வேண்டும். எடைக் கணக்கில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. 2,200 கிலோ கேரவன் காரின் பின்கொக்கியின்மேல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை, அதாவது 220 கிலோவை, அழுத்தும். அது காரின் சுமையாகவே கணக்கிடப்படும். ஆறு பேர் 380 முதல் 400 கிலோ. பெட்டிகள், தண்ணீர், முன்காப்புக் கம்பி எல்லாம் சேரும்போது பல ஏழு இருக்கை வண்டிகளின் அனுமதிக்கப்பட்ட சுமையைத் தொட்டுவிடும், சிலவற்றில் தாண்டியும் விடும். 3,000 கிலோ இழுக்கும் என்று விற்பனையாளர் சொன்னது பொய்யல்ல. அந்த 3,000 கிலோவை ஆறு பேரோடு இழுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சுமை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு.

ஓட்டுநரின் பழக்கமும் பார்க்கப்பட வேண்டும். இந்த நெடுஞ்சாலைகளில் 53.5 மீட்டர் நீளம்வரை உள்ள ரோடு டிரெயின் எனப்படும் லாரித் தொடர்கள் ஓடுகின்றன. கேரவனை இழுத்துக்கொண்டு அதைக் கடந்து செல்ல, எதிரே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் சாலை வெறுமையாகத் தெரிய வேண்டும். முதல்முறை இழுப்பவர் அந்தப் பாடத்தைப் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கற்க வேண்டாம்.

அடிலெய்டிலிருந்து உலுருவுக்கே ஏறத்தாழ 1,600 கி.மீ.; அதற்கப்பாலுள்ள நகரங்களிலிருந்து இன்னும் தூரம். சொந்தமாகக் கேரவன் வைத்திருந்து, நான்கு வாரமாவது விடுப்பு எடுக்கக்கூடிய குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு வார விடுமுறைக்காக வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இதைவிட அலைச்சலான வழியும் இல்லை.

## மோட்டார் ஹோம்

வாசகர்களில் பெரும்பாலோர் மனத்துக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, ஆமோதிப்புக்காகவே கேட்பது இதைத்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் ஒரே வண்டியில். ஆறு பேர் படுக்கும் வண்டியைச் சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம். பல நிறுவனங்கள் கிலோமீட்டர் வரம்பு வைப்பதில்லை. இரவுக் கழிப்பறை நான்கடி தூரத்தில் இருக்கிறது. காகிதத்தில் இதை வெல்ல வேறொன்றில்லை.

வண்டிக்குள் ஆறு பேர் வாழத் தொடங்கும்போது கணக்கு மாறுகிறது. ஆறு படுக்கையில் ஒன்று ஓட்டுநர் தலைக்குமேல் ஏணி வைத்து ஏறும் பரண்; அது பிள்ளைகளுக்கு. மீதியில் குறைந்தது ஒன்றாவது பகலில் சாப்பாட்டு மேசையாக இருப்பது. இரவில் மேசைப் பலகையை இறக்கி, மெத்தைத் துண்டுகளைப் புதிர்போல அடுக்கிப் படுக்கையாக்க வேண்டும், காலையில் மீண்டும் கலைக்க வேண்டும். படுக்கை விரித்துவிட்டால் உட்கார இடமில்லை. நாலரை மணிக்கே எழுந்து காப்பி போடும் பழக்கமுள்ள பாட்டி, ஐந்து பேர் தூங்கும் அறையின் நடுவில் பாத்திரத்தைத் தேட வேண்டும். இல்லையென்றால் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டில் ஆறரைவரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, வீடு எங்கே போனாலும் எல்லாரும் கூடவே போக வேண்டும் என்பது. உலுருவில் சூரிய உதயம் பார்க்க ஆறரைக்குக் கிளம்பினால் தூங்குபவரையும் எழுப்பி இருக்கையில் கட்டித்தான் ஆக வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, அலமாரிகளைப் பூட்டி, பாத்திரங்களை அடக்கிவைத்துக் கிளம்பும் சடங்கு ஒவ்வொரு முறையும் உண்டு. கழிவுப்பெட்டியைக் கழற்றி, அதற்கென்றுள்ள இடத்தில் கொட்டிக் கழுவும் வேலையை யார் செய்வது என்பதையும் கிளம்புமுன் பேசி முடித்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: குழந்தை இருக்கை மாட்டும் இடங்கள் எத்தனை (பல வண்டிகளில் ஒன்றோ இரண்டோ மட்டும்), மண்சாலைக்குத் தடை, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டத் தடை, கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் நேரும் சேதம் காப்பீட்டுக்குள் வருமா என்பது. இருட்டில் ஓட்டத் தடை விதிப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அந்தியிலும் விடியலிலும் கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் நாடு இது.

நான்கு பேர்வரை இது அருமையான வழி. தாத்தா பாட்டியோடு ஒரு பேரப்பிள்ளை, ஓட்ட ஒரு மகனோ மகளோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆறு பேருக்கு ஆறு படுக்கை வண்டி என்ற சமன்பாட்டை மட்டும் நம்பாதீர்கள்.

## கேபினும் கூடாரமும் ஒரே வளாகத்தில்

பெரிய கேரவன் பார்க்குகளில் மின்வசதியுள்ள முகாமிடங்களோடு சிறு கேபின்களும் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு கேபின், மற்றவர்களுக்கு அருகிலேயே ஒரு கூடாரம் என்று பிரித்துக்கொள்வது நான்காவது வழி. இதைப் பலர் முகாமாகவே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் உலுரு–கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவுக்குள் யாரும் முகாமிட அனுமதி இல்லை. கூடாரம் அடிப்பவரும் கேரவன்காரரும் யூலாராவின் முகாம் வளாகத்தில்தான் தங்குகிறார்கள். நட்சத்திரம் இருவருக்கும் ஒன்றே. அப்படியிருக்க, பாட்டியைக் கம்பளிக்குள் நடுங்கவைத்து எந்த இயற்கையைச் சம்பாதிக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

கேபினின் சமையலறையே எல்லாருக்குமான சமையலறையாகிவிடும். மருந்து, ஃபிரிட்ஜ், சிபாப், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் விடை அங்கேயே இருக்கிறது. (இட்லி மாவு மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஜூலைக் குளிரில் அது பொங்காது. ரவையும் சேமியாவும் போதும்.) நடுஇரவில் காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழையச் சுவருள்ள ஓர் அறை இருப்பதும் சிறிய விஷயமல்ல.

குறைகளும் உண்டு. விடுமுறைக் காலத்தில் கேபின் வாடகையும் முகாமிட வாடகையும் சேர்ந்து மோட்டார் ஹோமின் நாள் வாடகையை நெருங்கலாம். குறைந்தது இத்தனை இரவு என்ற நிபந்தனை இருக்கலாம். கேபின் என்றாலே குளியலறை உள்ளே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பொதுக் கழிப்பறையைப் பகிரும் கேபின்களும் உண்டு, அப்படியானால் இந்த வழியின் முதல் காரணமே அடிபட்டுப்போகிறது. கேபின் ஒரு மூலையிலும் கூடாரம் மறு மூலையிலுமாகக் கொடுத்துவிட்டாலும் பயனில்லை. பதிவு செய்யும்போதே பக்கத்து இடம் கேட்டுக் குறிப்பு எழுதச் சொல்ல வேண்டும்.

கார் பயணமே பெரியவர்களுக்கு ஒத்துவராது என்றால், சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேனிலிருந்து யூலாராவுக்கு நேரடி விமானம் உண்டு. கிங்ஸ் கேன்யனை விட்டுவிட்டு உலுருவில் மட்டும் நான்கு இரவு தங்குவது வயதானவர்களுக்குத் தோல்வியல்ல. கேன்யனின் விளிம்பு நடை 6 கி.மீ., தொடக்கமே செங்குத்தான படிக்கட்டு. அங்கே போனாலும் அவர்களுக்கு வாய்ப்பது ஓடையோரக் குறுநடைதான். உலுருவிலோ மாலா நடையும் முட்டிஜுலு நீர்ச்சுனை நடையும் சக்கர நாற்காலியே செல்லக்கூடிய சமதளப் பாதைகள். பாறைமேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், மேலே போனவர்கள், கீழே காத்திருந்தவர்கள் என்று குடும்பம் பிரியும் நிலையும் இப்போது இல்லை. இந்நிலத்தின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தது அது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கூடாரம் | கேரவன் | மோட்டார் ஹோம் | கேபின் + கூடாரம் |
|---|---|---|---|---|
| இரவுக் கழிப்பறை | வெளியே நடக்க வேண்டும் | வண்டியைப் பொறுத்தது | உள்ளேயே | குளியலறையுள்ள கேபினில் உள்ளேயே |
| ஆறு பேர் பயணம் | பெரிய கார் தேவை | வலுவான பெரிய கார் தேவை | முடியும். குழந்தை இருக்கை இடம் குறைவு | பெரிய கார் தேவை |
| பகலில் பிரிந்து போவது | எளிது | எளிது | முடியாது | மிக எளிது |
| மறைந்த செலவு | கி.மீ. கட்டணம், முகாம் பொருள்கள் | எடை மீறல், எரிபொருள் | காப்பீட்டு விலக்குகள், எரிபொருள் | கி.மீ. கட்டணம், இரட்டை வாடகை |
| அன்றாட உழைப்பு | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம், ஆனால் ஓயாதது | குறைவு |
| பொருந்துவது | பழகிய, திடமான குடும்பம் | சொந்த வண்டி, நீண்ட விடுப்பு | நான்கு பேர்வரை | உடல்நலக் குறையுள்ள பெரியவர்கள் |

இந்தக் குடும்பத்துக்கு என் தேர்வு நான்காவது.

## இடம் மாறினால் கணக்கும் மாறும்

உலுருதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத, அடிலெய்டிலோ மெல்பர்னிலோ வாழும் குடும்பங்கள் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரை எண்ணிப் பார்க்கலாம். அடிலெய்டிலிருந்து அம்மலைத்தொடரிலுள்ள வில்பீனா பவுண்டுக்கு ஏறத்தாழ 430 கி.மீ., கடைசிவரை தார்ச்சாலை. சொந்தக் காரில், சொந்தக் கூடாரத்தோடு போகலாம் என்பதால் வாடகைக் கி.மீ. தொல்லை இல்லை, வில்பீனாவில் மின்வசதியுள்ள முகாமிடங்கள் உண்டு, ஐம்பது சொச்சம் கி.மீ. தொலைவில் ஹாக்கர் ஊரில் சிறு மருத்துவமனை உண்டு. ஒத்துவரவில்லை என்றால் அடிலெய்டுக்காரர்கள் ஒரே பகலில் வீடு திரும்பிவிடலாம் என்ற தெம்பே பெரியவர்களை இளகவைக்கும். இங்கே கூடாரத்தின் மதிப்பு சட்டென்று உயர்கிறது. முதல் முயற்சிக்கு நான் உலுருவைவிட இதையே சொல்வேன். விக்டோரியாவிலிருந்து போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழ ஈக் கட்டுப்பாட்டால் தென் ஆஸ்திரேலிய எல்லையைப் பழங்களோடும் பல காய்கறிகளோடும் கடக்க முடியாது. வழியில் எதைச் சாப்பிட்டுத் தீர்ப்பது, எல்லை தாண்டி எதை வாங்குவது என்று முன்பே பிரித்துவிடுங்கள்.

## பதிவின் வரிசை

ஜூன், ஜூலை மாதங்களில் யூலாராவிலும் கிங்ஸ் கேன்யனிலும் கேபின் போன்ற கூரையுள்ள தங்குமிடங்கள் சீக்கிரமே தீர்ந்துபோகலாம். ஆகவே விமானச் சீட்டு, கார், கேபின் என்று போகும் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே கேபின் எந்த நாள்களில் கிடைக்கிறது என்று பார்த்து, அந்த நாள்களுக்குக் காரையும், கடைசியாக விமானத்தையும் பதிவு செய்யுங்கள். கேபின் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் பள்ளி விடுமுறையைப் பாருங்கள். இரவுக் குளிர் சற்றுத் தணிந்திருக்கும், ஈத்தொல்லை கூடியிருக்கும், முகத்துக்கு ஆளுக்கொரு வலை வாங்கிக்கொண்டால் போதும்.